அடக்கம்: வெள்ளி மாலை ஐந்து மணி

மார்ச் 3, திங்கள்

அச்சகத்தில் இன்று இரண்டு மரண அறிவிப்பு, ஒரு கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை விட்டுவிட்டேன். “கனவு காணுறதுக்கா உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன்?” என்றார் முதலாளி. கனவில்லை, தாளம். கால் தானாக மேசையை உதைக்கிறது.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டில் பயிற்சி. டீச்சர் கிடார், பகலில் கணக்கு ட்யூஷன். நெட்டை பேஸ் கிடார். பகலில் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. நான் டிரம்ஸ். பாடுவது என் அண்ணி. நாற்காலி, மேசைகளுக்கு வார்னிஷ் அடிக்கிற பட்டறையில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே பங்க் இசைக்குழுவில் இருக்கிற குடும்பம் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை. அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்கிறான்: “தங்கச்சி அடிக்கிறா, பொண்டாட்டி கத்துறா. எங்க வீட்ல ரெண்டும் ஓசி.”

குழுவின் பெயர் ‘நாலு பேர்’. “நாலு பேரு என்ன நினைப்பாங்க?” என்று அம்மா கேட்காத நாளில்லை. “அந்த நாலு பேர் நாங்கதான் அத்தை” என்று ஒருநாள் அண்ணி சொன்னாள். பெயர் வைத்தாகிவிட்டது.

முதல் பாட்டுக்குப் பெயர் ‘அடக்கம்’. வரிகள் எல்லாம் அம்மா வாயிலிருந்து வந்தவை. சத்தமா சிரிக்காதே, கதவை அறையாதே, கேட்டா மட்டும் பேசு, பொண்ணுன்னா அடக்கம் வேணும். அண்ணி அதைக் கத்துகிறபோது ஷெட்டின் தகரக் கதவு அதிர்கிறது.

மார்ச் 8, சனி

அண்ணியின் குரல் மூன்று வாரமாகக் கட்டியே இருக்கிறது. தெரு டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். 14ஆம் தேதி, காலை பதினொன்று. அண்ணன் சீட்டை என்னிடம்தான் தந்தான். “எனக்கு லீவு கிடைக்காது. நீ கூட்டிட்டுப் போயிடு. தனியா விட்டா போகமாட்டா.”

பயிற்சியில் அண்ணியின் குரல் மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி வந்தது. நெட்டை பேஸை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், “அம்மாடி. இதுக்குத்தான்டி இவ்வளவு நாளா காத்திருந்தோம்.”

நானும் அதையேதான் நினைத்தேன். மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

பாட்டைப் பதிவு செய்யக் கேட்டிருந்த ஸ்டூடியோவில் இருந்து போன். 14ஆம் தேதி காலை பதினொன்று மட்டும்தான் காலி. விட்டால் ஜூன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். தேதியை மாற்ற முடியுமா என்றேன். போனை எடுத்த பெண், “அடுத்த வியாழன் தரட்டுமா?” என்றாள். அடுத்த வியாழன் போய், அவர் மருந்து கொடுத்து, குரல் தெளிந்துவிட்டால்? பாடவே கூடாது என்று சொல்லிவிட்டால்? ஏப்ரல் நான்கு பாட்டு வெளியீட்டுக் கச்சேரியில் யார் பாடுவது, டீச்சரா? “நானே அப்புறம் கூப்பிடுறேங்க” என்று வைத்துவிட்டேன்.

அண்ணியிடம், “தேதியை மாத்திட்டாங்க அண்ணி. மே மாசம்தான் இடமிருக்காம்” என்றேன். “மேயா? சரி, அதுக்குள்ள அதுவே சரியாயிடும்” என்றாள்.

அண்ணனிடமும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் சுலபமாக வந்தது.

மார்ச் 14, வெள்ளி

பதிவு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நாங்கள். ஏழாவது தடவை பாடியதுதான். உயிரே போகிற மாதிரி ஒரு கத்து. ஒலிப்பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

கடைசித் தட்டு ஓய்ந்த பிறகு ஓடிக்கொண்டிருந்த பதிவில் அண்ணி இருமினாள். அப்புறம் கேட்டாள், “போதுமா? தொண்டை எரியுதுடி.”

நான் மைக்கில், “இன்னொரு தடவை அண்ணி” என்றேன்.

எட்டாவது நன்றாக வரவில்லை. ஏழாவதையே எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 19, புதன்

டீச்சர் அந்த இருமலை வெட்டச் சொன்னாள். நான் விடவில்லை. அதுதானே பங்க், அப்படியே இருக்கட்டும் என்று சண்டை போட்டேன். அண்ணியின் கேள்வியோடு பாட்டு முடிகிறது. என் பதில் மட்டும் வேண்டாமென்று வெட்டினோம்.

ஏப்ரல் 2, புதன்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வெளியீட்டு நோட்டீஸை நான்தான் அச்சகத்தில் வடிவமைத்தேன். மரண அறிவிப்புக்கு வைத்திருக்கிற தடித்த கருப்புக் கட்டம் முரட்டுத்தனமாக இருந்தது. அதையே எடுத்துப் போட்டேன். நடுவில் அண்ணி படம். கீழே ‘அடக்கம்: வெள்ளி மாலை ஐந்து மணி. நாலு பேர்.’ முடிந்தது. ஐந்து வருஷமாக அடக்க அறிவிப்பு அடிக்கிறேன். ‘அடக்கம்’ என்றால் புதைப்பது என்று எனக்கா தெரியாது? கண்ணில் படவே இல்லை.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு இன்று காலை சித்தி, அம்மாவின் தங்கை, பஸ் நிறுத்தத்திலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். கையில் மலர்வளையம். கதவைத் திறந்தது அண்ணி.

“ஐயோ!” என்று சித்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் சித்தி. உள்ள வாங்க. வளையம் ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் அண்ணி, அந்தக் கரகரக் குரலில்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். “உங்களுக்கெல்லாம் நல்ல வார்த்தையே கிடைக்கலையா? உயிரோட இருக்கிறவளுக்குப் போய்!” அண்ணி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கூட்டம் கொள்ளவில்லை. மலர்வளையத்தை என் பெரிய டிரம்மில் மாட்டியிருந்தோம். அண்ணி மூன்று பாட்டுதான் பாடினாள். நாலாவதில் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஜனங்கள் பாடி முடித்தார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இருப்பதிலேயே முதல் தேதி மே 6.

நான் சொன்ன பொய்யையே எடுத்து என் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பஸ்ஸில் இரண்டு பெண்கள். பாட்டைக் கேட்டு முடித்து, ஒருத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு “போதுமா? தொண்டை எரியுதுடி” என்றாள். மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். பாட்டை விட அதுதான் பிரபலம் என்கிறாள் நெட்டை.

அண்ணி இப்போது கஞ்சி மட்டும்தான் குடிக்கிறாள்.

மே 6, செவ்வாய்

டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். எப்போதிருந்து என்றார். பிப்ரவரி என்றேன். “இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க?”

அண்ணி, “நீங்கதானே டாக்டர், மே மாசம்தான்னு சொன்னீங்க” என்றாள். கேட்டது அவரை, பார்த்தது என்னை. அவருக்குப் புரியவில்லை. நான் சீட்டை மடித்து மடித்து விரல்நகம் அளவுக்கு ஆக்கிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

புற்று. குரல்வளை முழுதும் எடுக்க வேண்டும்.

டாக்டர் வெளியே வந்தபோது பின்னாலேயே ஓடினேன். மார்ச்சிலேயே வந்திருந்தா? என்று கேட்டேன். “கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். மிஞ்சாமலும் இருந்திருக்கலாம். அதை இப்ப யாராலும் சொல்ல முடியாதும்மா.”

சொல்ல முடியாதாம். அப்ப நான் என்ன பண்ணட்டும்? பாதி கொன்னேன்னு வெச்சுக்கவா? பாவி. ஒரு பாட்டுக்காக. ஒரே ஒரு பாட்டுக்காக.

ஜூன் 4, புதன்

நாளை அறுவை. அண்ணி இன்று சாயங்காலம் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். அண்ணனை மட்டும் நாலைந்து தடவை.

ஜூன் 5, வியாழன்

முடிந்தது. உயிர் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

கழுத்தில் ஓட்டை. மூச்சு அங்கேதான் போய் வருகிறது. பேச ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா கஞ்சியோடு வந்தபோது அண்ணி எழுதி நீட்டினாள்: ‘அத்தை, பாத்தீங்களா. உங்க மருமகளுக்கு அடக்கம் வந்துடுச்சு.’

அண்ணன் சிரித்தான். சிரிக்க வேண்டுமென்றுதான் எழுதினாள். அம்மா படித்தாள், கஞ்சியை வைத்தாள், வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அரைமணி நேரம் யார் கூப்பிட்டும் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அடுத்த வியாழன் தருகிறோம் என்றார்கள், நான்தான் வேண்டாமென்றேன், உங்கள் குரல் அப்படியே இருக்க வேண்டும் என்று. எல்லாவற்றையும்.

அண்ணி பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கழுத்தில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எழுதினாள்: ‘அண்ணன்கிட்ட சொல்லாதே.’ துடைத்தாள். ‘அத்தைகிட்டயும்.’ துடைத்தாள். ‘சொல்லி இறக்கி வெச்சிடலாம்னு பாக்காதே. நீயே சும.’

அடிச்சிருக்கலாம். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணி என்னிடம் எதுவும் எழுதுவதில்லை. நான் அறைக்குள் போனால் பலகையைத் திருப்பி வைத்துவிடுகிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஸ்டூடியோக்காரர் டீச்சரிடம், “வேற ஒரு பொண்ணைப் பாடச் சொல்லுங்க, பாட்டு சூடா இருக்கும்போதே” என்றாராம். டீச்சர், “அப்ப அஞ்சு பேர் ஆயிடுவோமே சார்” என்று போனை வைத்துவிட்டாள். இதை டீச்சர் அண்ணியிடம் சொன்னபோது பலகையில் ‘நாலு பேர்’ என்று எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம். அண்ணி உள்ளே படுத்திருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது. நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் போனை எடுத்து வந்தாள்.

“அந்தப் பாட்டைப் போடு.”

“எதும்மா?”

“எதுன்னு உனக்குத் தெரியாதா?”

மெதுவாக வைத்தேன். “கேக்கலை. சத்தமா வை” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டில் தூங்குவார்கள் என்றேன். “தூங்கட்டும். வைடி.”

வைத்தேன். சத்தமா சிரிக்காதே, கதவை அறையாதே. தன் சொற்களை எல்லாம் அம்மா அண்ணியின் குரலில் கேட்டாள், நின்றபடியே, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு. பாட்டு முடிந்தது. இருமல். அப்புறம் அது.

“போதுமா? தொண்டை எரியுதுடி.”

“போதும்மா” என்றாள் அம்மா போனைப் பார்த்து. “போதும். வந்துடு.”

குழாய் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தவில்லை. உள்ளே அண்ணி கட்டிலை இரண்டு தரம் தட்டினாள். இன்னொரு தடவை போடச் சொல்கிறாள் என்று அம்மா என்னைப் பார்த்தாள். என்னால் கையை நீட்ட முடியவில்லை. அம்மாவே போட்டாள்.