எதிர்வீட்டுப் பெண் கட்டிய காற்றுக் கட்டடம்

அபிராமபுரம்,
9-4-1997

சிரஞ்சீவி அனிருத்துக்கு அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் சௌக்கியம். எதிர்வீட்டுச் சந்தோஷத்தைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு எவ்வளவு சௌக்கியமாக இருக்க முடியுமோ அவ்வளவு. துபாயில் வெயில் தொடங்கியிருக்கும், மோர் குடிக்கிறாயா, உன் ஆபீஸ் குளிரில் தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள்.

எதிர்வீட்டுச் சந்திரிகாவை நினைவிருக்கும், உன்னோடு கட்டடக்கலை படித்தவள், உன் வரைபலகையை இரவல் வாங்கியே பாதிப் படிப்பை முடித்தவள். அவள் கோட்டூர்புரத்தில் ஒரு கல்லூரிக்குக் கட்டடம் கட்டி முடித்துவிட்டாள். சூரிய சக்தி, காற்றாலை, சாண எரிவாயு இவற்றில் பயிற்சியும் ஆராய்ச்சியும் நடக்கப்போகும் இடமாம், அதனால் கட்டடமும் அதிகம் மின்சாரம் கேட்கக் கூடாதாம். சுவருக்குப் பூச்சு இல்லை. பணம் தீர்ந்துவிட்டதோ என்று பரிவோடு விசாரித்தேன், அதுதான் அழகு என்றார்கள். கூரைக் கான்கிரீட்டுக்குள் மண்சட்டிகளைக் கவிழ்த்துப் புதைத்திருக்கிறாள், சூடு இறங்காதாம். ஜன்னலுக்குக் கதவே கிடையாது, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்தான். மாடியில் சூரிய ஒளித் தகடுகள், கூடத்தில் மின்விசிறிகூட இல்லை. இதையெல்லாம் அவள் அம்மா சரோஜாதேவி மாதக்கணக்காக என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், சரக்கைப் பிரித்துக் காட்ட யாரும் சொல்லித்தர வேண்டாம்.

திறப்பு விழாவுக்கு அப்பாதான் இழுத்துக்கொண்டு போனார். “வேர்க்காத கட்டடம்னு சொல்றா, செத்த நேரம் வேர்க்காம உக்காந்துண்டு வரலாமே” என்றார். குறைகளைக் கிட்டத்தில் பார்க்கலாமென்று நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வேர்க்கவில்லை. அதையே முதல் குறையாக வைத்துக்கொண்டேன். சாயங்காலம், கடற்காற்று நன்றாக வீசும் நேரம். தலைமை விருந்தினர் குத்துவிளக்கை ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. கல்லூரி முதல்வர் முயன்றார், தீப்பெட்டி தீர்ந்து இன்னொன்று வந்தது. ஜன்னலைச் சாத்துங்கப்பா என்று யாரோ கத்தினார்கள், சாத்துவதற்குக் கதவு வேண்டுமே. சந்திரிகா வெயிலுக்கும் மழைக்கும் கணக்குப் போட்டிருந்தாள், விளக்குக்குப் போடவில்லை. பின்னாலிருந்து ஒருவர், “இன்னா ஸார், காத்து ஷோக்கா கீது, வெளக்குதான் நிக்க மாட்டேங்குது” என்றார். அப்போது எனக்கு உண்டான நிறைவை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன், பந்தியில் பாயசம் இரண்டாம் முறை வந்தது போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “மாமி” என்றாள். பரீட்சைக்கு நீ செய்து எடுத்துப்போன அட்டை வீடு பஸ்ஸில் நசுங்கிய அன்று நீ நின்றாயே, அதே முகம். சரோஜா வெளியே காபி அண்டா பக்கத்தில் இருந்தாள். நான் எழுந்து போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி, பட்டுப்புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்து நின்றேன். ஐந்து முகமும் எரிந்தது. தலைப்பில் பொத்தல் விழுந்துவிட்டது. அவர்கள் கடைப் புடவைதான்.

இந்த வாரம் நம் பேட்டைப் பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. விளக்கருகே நான், பக்கத்தில் சந்திரிகா, கீழே ‘கட்டடக் கலைஞரும் அவரது தாயாரும்’ என்று போட்டிருக்கிறார்கள். சரோஜா பத்திரிகையும் கையுமாக வந்து, “பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், படத்துல நீங்க சிரிக்கீக மாமி. தப்புன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க” என்றாள். எழுதுகிறேன் என்றேன். பாவம், அவளுக்குப் பொறாமை.

அந்தக் கல்லூரியில் அடுத்து மாணவர் விடுதி கட்டப்போகிறார்கள். தனியாகச் செய்ய முடியாது, அனிருத் வருவானா மாமி என்று சந்திரிகா கேட்டாள். உன் கண்ணாடிக் கட்டடங்களில் காற்று நுழையாது, விளக்கு அணையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வந்து தலைப்பை விரிக்க என்னை யார் கூப்பிடுகிறார்கள்.

கற்பகாம்பாள் உன்னைத் தீர்க்காயுசாக வைக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். சந்திரிகாவுக்கு இந்த மாதத்துக்குள் பதில் போடு. பத்திரிகைக்கு நான் இன்னும் மறுப்பு எழுதவில்லை. நீ வந்து அந்த விடுதியைக் கட்டினால், அவர்கள் தப்பாகப் போடவில்லை, கொஞ்சம் முந்திப் போட்டுவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

இப்படிக்கு,
கட்டடக் கலைஞரின் தாயார்,
ஜானு