படிவத்தில் அக்கா எழுதிய ஐந்து பெயர்கள்

அக்கா,

நேற்று உங்களுடைய வாக்காளர் அட்டை என் கைக்கு வந்தது. கருவாட்டு மணத்தோடு வந்தது. உங்கள் பக்கத்து வளவு யோகம் மச்சாள் கிளினிக்குக்காகத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தவ, எங்களுக்கென்று கொண்டுவந்த கருவாட்டுப் பையிலேயே அட்டையையும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறா. தபால்காரர் கொடுத்தாராம். வைத்திருக்கவும் ஏலாது, எறியவும் மனம் வரவில்லை என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டா.

நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் உங்களை வாக்குப் போட வரச்சொல்லி அட்டை வருகிறது. இதற்கு நான் யாரைப் பேச? மரணச் சான்றிதழின் பிரதியை உங்கள் ஊர் கிளிவெட்டியின் கிராம சேவகர், அந்த விதானையாரிடம் கொடுத்துப் பெயரை வெட்டுவிக்க வேண்டியவன் நான்தான். பிரதி நான் வேலைக்குக் கொண்டுபோகிற கந்தோர்ப் பைக்குள் மடிந்து, மூலை கிழிந்து கிடக்கிறது. இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் போய்விட்டது. ஆனால் இந்தப் பெயர்க் கூத்தைத் தொடக்கிவைத்தது நீங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வருடாவருடம் விதானையார் வாக்காளர் படிவத்தைக் கொண்டுவந்து தந்தால், நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற குசினி மேசையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சோதனை எழுதுகிற பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்காருவீர்கள். முதல் வரியில் உங்கள் பெயர். இரண்டாவது, கனடாவுக்குப் போய்விட்ட அண்ணை. மூன்றாவது, வெள்ளவத்தையில் பிளாட் வாங்கிக்கொண்டு இருக்கிற சின்னக்கா. நாலாவது நான். நான் கலியாணம் கட்டின அடுத்த வருடமே ஐந்தாவது வரியில் என் மனிசி. அவ அந்த வீட்டில் மொத்தமாக ஒரு கிழமை தங்கியிருப்பாவோ தெரியாது. ஐந்து பேர் இருக்கிற வீடென்று அரசாங்கம் நம்பியிருந்தது. அங்கே உலை வைத்தது உங்கள் ஒருவருக்கு.

"அக்கா, அண்ணை போய்ப் பதினைஞ்சு வருஷம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வரமாட்டன் எண்டு அவன் உனக்குச் சொன்னவனோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெயரை எழுதத் தொடங்கினீர்கள். உங்களோடு கதைத்து வெல்ல எவனால் முடிந்தது?

என்னுடைய பெயர் அங்கே இருந்ததில் முதலில் எனக்கும் வசதிதான், மறைக்கவில்லை. திருகோணமலை நகரத்தில் வாடகைக்கு இருந்த காலத்தில், எழுதினால் பிறகு வீட்டை விட்டு எழும்பமாட்டான் என்ற பயத்தில் வீட்டுக்காரர் எங்கள் பெயரைத் தன்னுடைய படிவத்தில் சேர்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பஸ் மாறி கிளிவெட்டிக்கு வந்தேன். மூதூர்ச் சந்தியில் நின்று வெயிலில் காய்வேன். வந்து சேர்ந்தால் உங்களுக்குத் திருவிழாதான். விடியவே கோழி அடித்து வைத்திருப்பீர்கள். ஆருக்குப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விரலில் மை காயமுதல் சோறு போட்டு, இரவைக்கு நின்றுவிட்டுப் போ என்று கரைச்சல் படுத்துவீர்கள். நான் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் மட்டும்தான் நின்றது. அரசாங்கம் தந்த காணிப் பத்திரம், அந்தப் பேமிற், எரிந்துபோயிருந்தது. இது உங்கள் காணிதானோ என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி எங்களிடம் இல்லை. யாரோ ஒரு நல்ல மனிசன் பழைய வாக்காளர் இடாப்பைத் தேடி எடுத்தார். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே அம்மா, அப்பா, நீங்கள், அண்ணை என்று வரிசையாகப் பெயர்கள் இருந்தன. அதைப் பிடித்துத்தான் காணி கிடைத்தது, கூரைத் தகரமும் கிடைத்தது. "இடாப்பில பேர் இருந்தாத்தான் வீட்டில ஆள் இருக்கு" என்று அன்றைக்குத் தொடங்கினீர்கள், கடைசிமட்டும் விடவில்லை.

சரி, அது நியாயம். ஆனால் நகரத்துக்குள்ளேயே, உவர்மலையில் நாங்கள் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்த பிறகும் விடாமல் எழுதினீர்களே, அதற்கு என்ன பெயர்?

எங்களை வெட்டிவிடுங்கோ, நாங்கள் இங்கே பதியப்போகிறோம் என்று டெலிபோனில் சொன்னேன். "ஓம், ஓம்" என்றீர்கள். உங்கள் "ஓம், ஓம்" என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இங்கே படிவம் கொடுத்தேன், நீங்கள் அங்கே வழக்கம்போல ஐந்து பெயரையும் எழுதினீர்கள். ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டு இடத்தில் நிற்கிறதே என்று விசாரிக்க விதானையார் உங்களிடம்தான் வந்தார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "ரெண்டு பேரும் இஞ்சதான் இருக்கினம், இப்ப வேலைக்குப் போட்டினம்" என்று சொல்லி அனுப்பினீர்கள். உவர்மலையில் எங்கள் பெயர் ஏறவே இல்லை. இடையில் தேர்தலும் வரவில்லை. வந்திருந்தால் அட்டை எங்கே போகிறதென்று பார்த்தே பிடித்திருப்பேன்.

எங்கள் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில்தான் எல்லாம் வெளித்தது. பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிறார்களா என்று பார்க்க, முந்திய ஐந்து வருட இடாப்புப் பிரதிகளைக் கேட்டார்கள். எங்கள் பெயர் ஒரு வருடத்திலும் இல்லை. எங்கள் கேற்றில் நின்றால் அந்தப் பள்ளிக்கூடத்து மணி கேட்கும். அப்படியிருக்க, நேர்முகத்தில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கிளிவெட்டியிலதானே இருக்கிறியள்?" என்று கேட்டார். என் மனிசி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெயர்ப்பட்டியல் வந்தது, அதில் பிள்ளையின் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கென்று வெள்ளைச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தோம். ஏன் போடக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் வந்து உங்களைக் கத்தினது உங்களுக்கு நினைவிருக்கும். யோகம் மச்சாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டா. உங்களுக்கு விசரோ, என்ர பிள்ளையின் படிப்பில் ஏன் விளையாடினீங்கள், ஆளில்லாத வீட்டில் ஆள் இருக்கென்று எழுத உங்களுக்கு வெட்கமில்லையோ என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். நீங்கள் போட்ட சோற்றைத் தொடவில்லை. "கெடுதலுக்கோ தம்பி எழுதினனான்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மேன்முறையீடு செய்யலாம், ஆனால் நாங்கள் கிளிவெட்டியில் இல்லை என்பதற்கு அந்த வீட்டுத் தலைவியிடம் இருந்து சத்தியக்கடதாசி வேண்டும் என்றார்கள். அதை நானே எழுதினேன். இருபது வருடமாகக் கந்தோரில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது பெரிய வேலையா? எழுதி, அச்சடித்து, உங்களை மூதூரில், சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்துகிற சமாதான நீதவான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தீர்கள். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"தம்பி, இப்பிடித்தான் எழுத வேணுமோ?"

"ஓம் அக்கா. வேற மாதிரி எழுத ஏலாது. கையெழுத்தை வையுங்கோ, நீதவான் வெளிய போகப்போறார்."

வைத்தீர்கள். "மேற்படி வீட்டில் நான் தனியாகவே வசித்து வருகின்றேன். என்னைத் தவிர வேறு எவரும் இங்கு இல்லை." அதுதான் அந்த வரி.

பிள்ளைக்கு இடம் கிடைத்தது. இப்போது மூன்றாம் வகுப்பு. மணி அடித்த பிறகு வெளிக்கிட்டு ஓடுகிறாள், அவ்வளவு கிட்ட. நானும் வென்றுவிட்டேன் என்ற சந்தோசத்தில் திரிந்தேன். உங்களோடு பழையபடி கதைத்தேன், பொங்கலுக்கு வந்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உங்கள் குசினிக் கதவு விடிந்தும் திறபடவில்லை என்று யோகம் மச்சாள் டெலிபோன் எடுத்த அன்று வந்தேன். செத்த வீட்டுக்கு விதானையாரும் வந்திருந்தார். என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, கடைசி இரண்டு வருடமும் அக்கா தன்னுடைய பெயரை மட்டும்தான் எழுதினவ என்றார். மிச்ச வரிகளுக்குக் கோடு கீற வேண்டுமோ, இல்லாவிட்டால் சும்மா விடலாமோ என்று கேட்டாவாம். சும்மா விடுங்கோ அம்மா என்று அவர் சொல்லியிருக்கிறார்.

உங்களில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அக்கா. கேட்டதற்கு "ஓம்" சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதற்கு, எங்களை அவ்வளவு அலைய வைத்ததற்கு. ஆனால் அந்தச் சத்தியக்கடதாசியை அச்சடிக்க முதல் நான் மூன்று தரம் வாசித்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதோ என்று. உங்களைத் தவிர வேறு எவரும் இல்லை என்று என் கையால் எழுதி, உங்களைக் கொண்டு கையெழுத்தும் வைப்பித்து, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உவர்மலை வீட்டுக்கும் படிவம் வந்தது. இரண்டு பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கீழே வரிகள் வெறுமையாகத்தான் கிடந்தன. அக்கா, இஞ்ச வந்து எங்களோட இருங்கோ, உங்கட பேரையும் இதில எழுதுவம் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.