ஆண்கள் உடை மாற்றும் அறையில் உள்ள வருகைப் பதிவேடு

அனுப்புநர்:
நூல் பிசிறு வெட்டும் பணியாளர்,
ஆயத்த ஆடைத் தையற்கூடம், இரண்டாம் மாடி.

பெறுநர்:
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பொது மைதானத்தில் பெண்களுக்கான மாலை நேரத்தை ரத்து செய்ததை எதிர்த்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மைதான வாசலில் தங்கள் அறிவிப்பைப் படித்தேன். ஆரம்பத்தில் மாதம் மூன்று பெண்கள் வந்தார்களாம். பிறகு இருபது, பிறகு அறுபத்திரண்டு. கடந்த நான்கு ஆண்டுகளாக ஒருவர்கூட இல்லையாம். ஆண்கள் மட்டும் முந்நூறைத் தாண்டிவிட்டார்களாம். பெண்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதால், மாலை ஐந்தரை முதல் ஆறரை வரையிலான எங்கள் நேரம் ஒன்றாம் தேதியிலிருந்து ஆண்கள் கால்பந்துக்குப் போகிறது.

2. அந்த நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாக நான் தினமும் அங்கே குண்டு எறிகிறேன். வேலை ஐந்து மணிக்கு முடிந்ததும் நேராக அங்கேதான் போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால் பள்ளி மைதானம் எனக்கு இல்லை. வீட்டுப் பின்புறம் எறிந்து பக்கத்து வீட்டு அத்தையின் வாளியை உடைத்ததுதான் மிச்சம். மற்ற நேரங்களில் மைதானம் முழுக்கப் பந்தாட்டம் நடப்பதால் இரும்புக் குண்டை எறிய விடமாட்டார்கள்.

3. அப்போதிருந்தே வருபவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன், நடந்தது இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் மழையில் வாசல் அறையின் கூரை விழுந்தது. பதிவேட்டையும் மேசையையும் ஆண்கள் உடை மாற்றும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த மாதத்திலிருந்துதான் தங்கள் கணக்கில் பெண்கள் இல்லை. அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே மழையில் ஆர்வம் கரைந்துபோகுமா, ஐயா?

4. காவலாளி அண்ணன் நல்லவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ வர்றது எனக்குத் தெரியாதாம்மா? ஆனா கையெழுத்துப் போட நீதான் உள்ள வரணும். உள்ள நீ வரக்கூடாது." வெளியே எடுத்து வரலாமே என்றேன். முன்பு ஒருமுறை தொலைந்ததால் மேசையோடு சங்கிலி போட்டிருக்கிறார்களாம்.

5. கையெழுத்து இல்லாதவர்களுக்குச் சாமான் அறையைத் திறப்பதில்லை. பந்து இல்லாமல் எத்தனை நாள் நிற்பார்கள்? பலர் வருவதை நிறுத்திவிட்டது உண்மை, அதை மறைக்கவில்லை. இன்று பதினொரு பேர் இருக்கிறோம். எங்களில் மூத்தவரான செவிலி அக்கா வாங்கித் தந்த ஒரே குண்டைத்தான் முறை வைத்து எறிகிறோம்.

6. இதை நேரில் சொல்ல இரண்டு முறை வந்தேன். முதல் முறை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வாய் வராமல் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை தங்கள் எழுத்தர், "ரெஜிஸ்டர்ல இல்லன்னா வரலன்னுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவர் முன்னால்தான் நின்றிருந்தேன். எழுத்தில் என்றால் என்னால் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

7. பதிவேட்டை வாசலுக்கு மாற்ற வேண்டும். கூரை இல்லையென்றால் ஒரு குடை போதும். அதுவரை எங்கள் ஒரு மணி நேரத்தைத் தொடக்கூடாது. நம்பிக்கை இல்லையென்றால் எந்த நாளும் ஐந்தரைக்கு வந்து தாங்களே எண்ணிப் பாருங்கள். மண்ணில் உள்ள குழிகளையும் எண்ணலாம்.

8. இந்தத் தாளின் பின்புறம் பதினொரு பேரும் நேரம் குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறோம். அதை இன்றைய வருகையாகப் பதிந்துகொள்ளுங்கள். வேறு உத்தரவு வரும்வரை தினமும் ஒரு தாள் தங்கள் மேசைக்கு வரும்.

இடம்: மைதான வாசல்
நாள்: 22, வியாழக்கிழமை, மாலை 5.40

இப்படிக்கு,
(கையொப்பம்)
தினமும் வருபவள்