ஒரு ஆளுக்குப் போட்ட கணக்கு

என் பிரியமான உங்களுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று எழுதித்தான் வழக்கம். இந்த முறை அதைக் கேள்வியாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் சொன்னபடியே மருந்துக்கடை மாடியில் இருக்கும் முதலீட்டு ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். மகள் அவருக்குக் கால்குலேட்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். வணக்கம் சொன்னால்கூட எத்தனை சதவீதம் என்று கேட்பார் போல. மகளும் வந்தாள், அண்ணனும் வந்தார். மகளுக்கு முதல் சம்பளம் வந்திருக்கிறதே, அதில் மிச்சம் பிடிப்பதை முக்கால்வாசி பங்குச் சந்தையில் போடு, விழுந்தாலும் எழுந்துகொள்ள வயது இருக்கிறது என்றார். ஓய்வு பெற்ற அண்ணனிடம், அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள், வங்கி டெபாசிட் போதும் என்றார். எனக்குப் பாதி அங்கே, பாதி இங்கே. ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேருக்கு மூன்று பதில். சின்ன வயதில் துணிச்சல், வயதானால் பயம், அதுவரை புரிகிறது. ஐம்பத்து மூன்றில் பாதித் துணிச்சலை எந்தக் கடையில் வாங்குவது?

வங்கியில் பூட்டி வைத்த பணமும் விலைவாசியில் கரையுமாம். தண்ணீரா படுகிறது, கரைய? கேட்டால் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் நாள் முழுக்க டோக்கன் கொடுக்கிற எனக்கு இதெல்லாம் எப்படி மண்டையில் ஏறும்?

இதுவரை எழுதியது சும்மா. விஷயத்துக்கு வருகிறேன்.

அவர்கள் இருவரும் கீழே இறங்கிய பிறகு, அடுத்த வருடம் நீங்கள் துறைமுகத்துக் கிரேனை விட்டு வந்ததும் மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்று அவரிடம் கேட்டேன். திரையில் காட்டினார். வாடகையும் கரண்டு பில்லும் கட்டிவிட்டு இரண்டு பேர் எதைச் சாப்பிடுவது என்றேன். சார் போனில் ஒரு ஆளுக்குத்தான் போடச் சொன்னார், உங்களிடம் சொல்லவில்லையா என்றார்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெரியாது. அன்றிலிருந்து துணி காயப்போடும்போதும் டோக்கன் கொடுக்கும்போதும் அதே நினைப்பு. அங்கேயே வேறு குடும்பம் என்று ஒரு நாள் முழுக்க உங்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டைப் பட்டன் தைக்கக்கூட ஆள் இல்லை என்று புலம்புகிறவருக்கு ஏது இன்னொரு குடும்பம்! கடைசிவரை அங்கேயே உழைப்பதாக உத்தேசமோ என்று அடுத்து நினைத்தேன். அப்புறம்தான் போன லீவு ஞாபகம் வந்தது. நம் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றீர்கள். என்னவென்று கேட்டதற்குச் சுவரைக் காட்டி, வெள்ளையடிக்க வேண்டும் என்றீர்கள். வாடகை வீட்டுச் சுவருக்கு நீங்கள் ஏன் வெள்ளையடிக்கப் போகிறீர்கள்? கிளம்பும்போது, எல்லாம் உன் பெயரிலேயே இருக்கட்டும் என்று வேறு சொன்னீர்கள். நானும் மண்டு மாதிரி சந்தோஷப்பட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நினைப்பது சரியா தப்பா என்றுகூடத் தெரியவில்லை. மகளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் மறுபடி அந்த மாடிக்குப் போனேன். இரண்டு ஆளுக்குப் போடுங்கள் என்றேன். போட்டார். அப்படியானால் சாருக்கு எழுபத்தெட்டு வயதாகும்போது பணம் முழுக்கத் தீர்ந்துவிடும் என்று, ஏதோ தானே எடுத்துக்கொண்டதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுபத்தெட்டா என்று இரண்டு தடவை கேட்டேன். அந்தக் கணக்கிலாவது அதுவரை நீங்கள் என்னோடு இருக்கிறீர்களே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததைப் பார்த்து அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இந்த இரண்டு ஆள் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பணம் தீர்ந்தால் தீரட்டும். அடுத்த வருடம் என்ற பேச்சே வேண்டாம், இந்த மாதமே கிளம்பி வாருங்கள். டாக்டர் ஏதாவது சொல்லியிருந்தால் அதை எழுதி அனுப்பாதீர்கள், என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்களை வாசலில் பார்க்கக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி