பின் சீட்டுக்கு வேண்டாம்

ஆனி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. வாசல் முழுக்கப் புழுதி. இரண்டு தரம் பெருக்கியும் வீண்.

வீட்டுக்காரர் சைகோனிலிருந்து கொண்டுவந்த ஸ்கூட்டரின் சீட்டுக்கு இன்று அளவு எடுத்தேன். மேலே ரப்பர், கீழே ஸ்பிரிங். ரப்பர் சைகோன் வெயிலிலேயே வெடித்திருக்க வேண்டும். அழுத்தினால் ஸ்பிரிங் முனை கையில் குத்துகிறது. இதில் உட்கார்ந்துதான் தினமும் நெரவி ரைஸ் மில்லுக்குப் போய்க் கணக்கு எழுதிவிட்டு வருகிறார். அதுவும் இடது இடுப்பில் குண்டுச் சிதறலோடு. எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்று பட்டாளத்து டாக்டர் விட்டுவிட்டாராம். எங்கே, எப்படி என்று கேட்டால் "சண்டைன்னா அப்படித்தான்" என்பார். மாலையில் வந்ததும் பாயில் குப்புறப் படுத்துவிடுகிறார். சாப்பாடுகூட நின்றுகொண்டுதான்.

மெத்தென்று ஒரு உறை தைத்துப் போட்டால் தேவலை.

பின் சீட்டையும் அளக்கப் போனேன். குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தலையோடு வந்து நின்றார்.

"அது வேணாம்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா அழகா இருக்குமேன்னு..."

"பின்னாடிக்கு ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்ல."

டேப்பைச் சுருட்டிவிட்டேன்.

வாங்க வேண்டியது: கித்தான், கோணி ஊசி, முறுக்கு நூல், இலவம் பஞ்சு. புளியும் தீர்ந்துவிட்டது.

ஆனி 5, செவ்வாய்

மெத்தைக் கடை காசிம் பாயிடம் பஞ்சு. "சொல்தா வீட்டம்மாவா, வாங்க வாங்க" என்றார். பிரெஞ்சுக் கொடி இறங்கியும் இந்த ஊருக்குப் பட்டாளத்துக்காரர் இன்னும் சொல்தாதான். வண்டிச் சீட்டுக்கு என்றதும் சிரித்தார். "வண்டிக்கு மெத்த போடுறத இப்பத்தான் கேக்குறேன். போடுங்க, போடுங்க."

திரும்பி வரும்போது எதிரே நம் வண்டி. நிறுத்தி, பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார். "நீ நடந்து வந்துடு." போய்விட்டார்.

குழாயடியில் இரண்டு பெண்கள். என் காதில் விழட்டும் என்றேதான்:

"பின்னாடி எடம் காலியாத்தானே கெடக்கு?"

"சைகோன்ல எவள ஏத்திக்கிட்டுத் திரிஞ்சாரோ. இவளுக்கு எடம் ஏது?"

பங்குனியில் பட்டாளத்தை விட்டு ஊர் வந்தார். கப்பலில் வண்டியும் வந்தது. இன்றுவரை ஒரு தடவை அதில் உட்கார்ந்ததில்லை நான். கோயிலுக்கென்றால் மாட்டுவண்டி. கடைத்தெருவுக்கென்றால் நடை. குழாயடிப் பேச்சு புதிதல்ல, நானே நினைத்ததுதான்.

ஆனி 7, வியாழன்

பஞ்சு உறை தோல்வி. நெரவி போய் வருவதற்குள் அப்பளமாகிவிட்டது. சூடு வேறு. "இதுக்கு அந்த ரப்பரே தேவலாம்" என்றார். கோபமில்லை, அலுப்பு.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

காலையில் தூக்குச்சட்டியோடு நிலைப்படிக்கு வந்தேன். நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பி, இடது தோளுக்கு மேல் தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டார்: "புடிச்சுக்கிட்டியா?"

பின் சீட்டில் யாருமில்லை.

பதில் வரும் என்பதுபோல் ஒரு கணம் நின்றார். பிறகு கிளம்பிவிட்டார். சாப்பாட்டை மறந்து. சட்டி என் கையிலேயே.

மாலையில் வண்டி முற்றத்துக்குத் திரும்பியதிலிருந்து அதன் பின்பக்கமாகப் போகாமல் சுற்றித்தான் போகிறேன்.

ஆனி 10, ஞாயிறு

கருக்களாச்சேரி அஞ்சலை மீன் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் எங்கள் தலத்தெருப் பக்கம் வரமாட்டாள். பங்குனிக்குப் பிறகுதான் வழக்கமாக வருகிறாள். தெருக்கோடியில் அவள் குரல் கேட்டால் போதும், இவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். மீன் வாடை ஆகவில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் குழம்பு வைத்தால் சாப்பிடுகிறாரே.

கூடையை இறக்கிவிட்டுச் சும்மாட்டை என் கையில் கொடுத்தாள். பழந்துணியைச் சுருட்டிய வளையம். எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்றுதான் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன்.

"ஏன் நடுவுல காலியா வுடுறீங்க?"

"உச்சி மண்டையில பாரம் ஏறுனா உசுரு போயிருமுல்ல யம்மா. சுத்துவட்டம் தாங்கிக்கும். நடு சும்மா கெடக்கும்."

வலிக்கிற இடத்தில் பஞ்சை வைத்து அடைத்தது என் தப்பு. அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும்!

மத்தி வாங்கினேன். கிளம்பும்போது கேட்டாள்: "தம்பி இருக்கா?"

கொல்லை வாசலிலிருந்து இவர் இல்லையென்று சொல்லும்படி கையை ஆட்டினார். "வெளிய போயிருக்காரு" என்றேன். முற்றத்தில் வண்டி நிற்கிறது. அஞ்சலை அதைப் பார்த்தாள். முன் சீட்டை அல்ல, பின் சீட்டை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனி 12, செவ்வாய்

உறை முடிந்தது. அடியில் தேங்காய் நார், மேலே பஞ்சு. இடது பக்கம் நாரைச் சும்மாடு மாதிரி வளைத்துத் தைத்து, நடுவில் உள்ளங்கை அளவு பள்ளம். மேலே கித்தான். நாலு மூலையிலும் நாடா. கட்டை விரலில் ஊசி ஏறிவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

போட்டுக்கொண்டு நெரவி போனார். மாலையில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து சாப்பிட்டார்! மணையைப் போட்டுச் சம்மணமிட்டு.

"எப்படி தோணுச்சு ஒனக்கு? கொஞ்சங்கூட வலிக்கல" என்றார். சிரிப்பு. கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு.

"மீன்கார அஞ்சலையோட சும்மாட்டப் பாத்துத்தான்."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எழுந்தார். கை கழுவினார். முற்றத்துக்குப் போய் நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்த்து, உறையை எடுத்துவந்து பரண்மேல் வைத்தார்.

என்ன சொல்லிவிட்டேன் நான்?

ஆனி 13, புதன்

வாசல் தெளிக்க எழுந்தேன். வெளிச்சம் சரியாக வரவில்லை.

ஸ்கூட்டர்மேல் இவர். பின் சீட்டில். முன் சீட்டு காலி. இரண்டு கையும் முன்னால் நீண்டு, யாருடைய இடுப்பையோ பிடித்ததுபோல. வாளி கையிலிருந்து நழுவிவிட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"இங்கேருந்து பாத்தா என்ன தெரிஞ்சிருக்கும்னு பாத்தேன்." திரும்பவில்லை. "எம் முதுகு மட்டுந்தான்."

அப்படியே உட்கார்ந்து சொன்னார். நான் ஈரத் தரையில்.

அஞ்சலைக்கு ஒரே மகனாம், மாணிக்கம். இவரோடு ஒரே கப்பலில் சைகோன் போனவன். ஒருநாள் பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் இவர் ஓட்ட, அவன் பின்னால். பாதை குண்டும் குழியும். விழாமல் இருக்க இவருடைய பெல்ட்டில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டான். மூங்கில் புதரிலிருந்து எறிகுண்டு. பின்பக்கம் வெடித்தது.

"இடுப்புல கல்லு தெறிச்சாப்புல இருந்துச்சு. நிறுத்தாம ஓட்டுனேன். பயப்படாதடா, புடிச்சுக்கன்னேன். மொகாம் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தேன். மாங்கனித் திருவிழாவுக்கு லீவு கேப்போம்னேன். பதில் சொல்லலைன்னு திட்டுனேன். நல்லா சாஞ்சுக்கிட்டிருந்தான். தூங்கிட்டான்னு நெனச்சேன்."

பிறகு: "எனக்கு ரெண்டு மூணு துண்டுதான். மிச்சத்தையெல்லாம் அவன் வாங்கிக்கிட்டான்."

கோத்த கையைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

"வண்டி எடுத்தா இப்பவும் முதுகு கனக்குது. அவன எறக்கிவுட்டுட்டு ஒன்ன எப்படி ஏத்துறது?"

மில்லுக்குப் போகவில்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். குழாயடிப் பேச்சை நானும் நம்பினேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆனி 14, வியாழன்

காற்று அடங்கி, புழுக்கம்.

"மீனேய்" என்று அஞ்சலை குரல். இவர் எழுந்தார். கொல்லைப்பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பி வாசலுக்கு வந்தார்.

"வந்துட்டியா தம்பி" என்றாள்.

நின்றபடியே எல்லாம் சொன்னார், எனக்குச் சொன்னதைவிடக் குறைந்த வார்த்தைகளில். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று பயந்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சும்மாட்டைப் பிரித்தாள், சுருட்டினாள், மறுபடி பிரித்தாள்.

"ஒம் பேரு இல்லாம அவன் ஒரு கடுதாசி போட்டதில்ல. செத்த சேதி மட்டுந்தான் வந்துச்சு. எப்படின்னு ஒன்னக் கேக்கத்தான் இந்தத் தெருவுக்கு வாறேன். என்னிக்காச்சும் வெளிய வருவேன்னு." பிறகு, "தனியா கெடக்கலியே எம்புள்ள?"

"இல்லம்மா. எம் முதுகுலதான் சாஞ்சிருந்தான்."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன வூட்டுல கொண்டுபோயி வுடு தம்பி. அந்த வண்டில."

"எனக்குப் பயமா இருக்கும்மா. பின்னாடி சத்தம் இல்லேன்னா..."

"நான் சத்தம் குடுத்துக்கிட்டே வாறேன். நீ ஓட்டு."

பரண்மேலிருந்து உறையை எடுத்து முன் சீட்டில் கட்டினேன். நாலு மூலைக்கும் இரட்டை முடிச்சு. கூடை முன்னால், கால் வைக்கிற பலகையில். அஞ்சலை ஏறி உட்கார்ந்து அவர் சட்டையின் முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். குழாயடியில் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு.

வண்டிச் சத்தத்துக்கு மேலாக அவள் குரல் கேட்டது. "ம்... இருக்கேன் தம்பி... ஓட்டு... இருக்கேன்..." திருப்பம் வரைக்கும். அதற்கப்புறம் கேட்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு வந்தார். தனியாக. பாயில் படுக்கவில்லை, உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். முதுகில் இரண்டு கைத்தடம், ஈரம் காய்ந்து, மீன் செதில் ஒட்டி மினுமினுவென்று.

"தொவைக்கப் போடவா?"

"இன்னிக்கு வேணாம்."