எஃப்.சி.க்குக் கழற்றிய வண்டி

ஏனுங்க, நேற்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக்கடைச் சந்து ஒன்றில் நின்றவள், தனியாகச் சிரித்துவிட்டேன். ஒரு பிக்கப் வண்டி பின்னுக்கு வந்தது. ரிவர்ஸ் போட்டதும் அதிலிருந்து மாதா பாட்டு மெட்டு கிளம்பியது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். இதே மெட்டை ஒரு மாதம் நம் வண்டியும் பாடித் திரிந்த கதையை அவரை நிறுத்தியா சொல்ல முடியும்?

வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. நாள் வந்தால் நம் பக்கத்து வண்டிக்காரர்கள் படும் பாட்டை நினைத்தாலே சிரிப்புத்தான். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஆசை ஆசையாக மாட்டியதை எல்லாம் முந்தின நாளே கழற்றிவிட வேண்டும். முன்பக்கத்து இரும்புக் கம்பி, ஏர் ஹாரன், கண்ணைக் கூச வைக்கும் லைட், கறுப்பு ஃபிலிம், ரிவர்ஸ் பாட்டுப் பெட்டி எல்லாம் சாக்கில் ஏறிவிடும். தகுதிச் சான்று கைக்கு வந்த மறுநாள் அத்தனையும் பழைய இடத்துக்குப் போய்விடும். அப்படி ஒரு தடவை நாமக்கல்லில் நம் பாஸ்கர் தன் ஃபிட்டிங் கடையில் இரண்டு வண்டிகளின் சாக்கை மாற்றிவிட்டான். நம் முருகன் பாட்டு சேலத்துக்காரர் ஒருவர் வண்டிக்குப் போக, அவருடைய மாதா பாட்டு நமக்கு வந்தது.

அது தெரியாமல் நீங்கள் மாரியம்மன் கோவில் திடலில் வண்டியைத் திருப்பினீர்கள். பூசாரி எட்டிப் பார்த்து, “ஏனப்பா, எந்தச் சாமியக் கூட்டிட்டு வந்திருக்கற?” என்றார். “ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டுமுங்க” என்றீர்கள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அன்று சாயங்காலமே அந்தச் சேலத்துக்காரர் போன் பண்ணினார். “அண்ணே, எங்க சர்ச்சு வாசல்ல உங்க முருகன் பாடறாருங்க. ஃபாதர் ஒண்ணும் சொல்லல, நல்லாத்தான் இருக்குதுன்னாரு” என்றார். இரண்டு பேருக்கும் மாற்றிக்கொள்ள அவசரமே இல்லை. ஒரு மாதம் கழித்து இருவரும் பாஸ்கர் கடையில் சந்தித்து, டீ குடித்து, அவரவர் சாமியை வாங்கிக்கொண்டீர்கள்.

எனக்கோ எதைப் பார்த்தாலும் ‘இது எதுக்கு?’ என்று கேட்கிற வாய். உங்களுக்கோ வண்டியில் எதையாவது மாட்டிக்கொண்டே இருக்கிற கை. கண்ணாடிக்கு மேலே வெயில் தடுப்பு, பக்கவாட்டில் ஏறப் படி, ஸ்டியரிங்குக்கு உறை, முன்னால் கறுப்புக் குஞ்சம், பின்னால் பூப்போட்ட ரப்பர். “ஏனுங்க, மூக்குத்திக் கல்லு உழுந்து எத்தன நாளாச்சு? இவளுக்கு மட்டும் நெத்திச்சுட்டியா?” என்று நான் வண்டியைக் காட்டிக் கேட்பேன். “வண்டின்னா ஒரு களை வேணும் சாமி” என்பீர்கள். எல்லாவற்றுக்கும் அதே பதில். அந்தப் பதிலில் எனக்கு ஒருநாளும் திருப்தி வந்ததில்லை.

போன மாசியில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் நீங்கள். திரும்பி வரவில்லை. வண்டி சேந்தமங்கலத்தில் நம் கொட்டகையிலேயே நின்றது. எஃப்.சி. தேதி வந்தபோது என் அண்ணன் வந்து உட்கார்ந்தார். “எஃப்.சி. காட்டிட்டு வித்தரலாம் கண்ணு. ராசிபுரத்துக்காரர் ஒருத்தர் கேக்கறாரு. ஓட்ட ஆளில்லாத வண்டி துருப்புடிச்சுப் போகும்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வண்டி போனால் நான் ஏதாவது கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போக வேண்டும், இல்லையென்றால் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் கிடக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்கு மனசில்லை. என் பீரோவில் லைசென்ஸ் இருந்தது. ஆனால் நானே ஓட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லையே.

அண்ணன் வண்டியைப் பாஸ்கர் கடையில் விட்டுவிட்டு வேறு வேலையாகப் போனார். மறுநாள் காலை எஃப்.சி., சாயங்காலம் ராசிபுரத்துக்காரர் வருவார் என்று ஏற்பாடு. கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று நானும் கூடப் போயிருந்தேன். பாஸ்கர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தான். குஞ்சமும் லைட்டும் இல்லாமல் வண்டி தலை குளித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்துப் போனவளுக்கு, அதைப் பார்த்ததும் கேள்விதான் வந்தது.

“பாஸ்கரு, இந்த வெயில் தடுப்பு எதுக்கு?”

“அழகுக்குத்தானுங்க்கா.”

“இத்தன லைட்டு?”

“அதுவும் அழகுக்குத்தான். பாதி எரியவே எரியாது.”

“இந்த இரும்புப் பட்டை?”

“அது வேலைக்குங்க. பின்னால ஸ்ப்ரிங்குல ஒரு பட்டை கூடப் போட்டா வண்டி தணியாது. லோடு கொஞ்சம் சேத்தி ஏத்தலாம்.”

“ஏர் ஹாரனு?”

உங்களை நினைத்துப் பாஸ்கர் சிரித்துவிட்டான். “அண்ணன் அதை அடிச்சு நானே கேட்டதில்லீங்க்கா. ஊருக்குள்ள அடிச்சா மாடு மிரளும்பாரு. மாட்டி மட்டும் வெச்சிருந்தாரு.”

உங்களுக்குள் ஏதோ பெரிய கணக்கு இருந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன களைதான் முழுக் காரணமும். அடப்பாவி மனுசா, எரியாத லைட்டையா ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்?

அப்புறம் பாஸ்கர், மண்ணைத் தட்டுவதற்காக டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினான். சீட்டு உட்கார்ந்திருக்கும் போல்டுகளுக்கு ஒரு சாண் முன்னால் நான்கு துளைகள். தண்ணீர் ஏறாதபடி ரப்பர் வைத்து அடைத்திருந்தது.

“இது எதுக்கு?” என்றேன்.

பாஸ்கர் விரிப்பை ஓரமாகப் போட்டான். கையைத் துடைத்தான், ஸ்பேனரைத் தேடினான். கையில்தான் வைத்திருந்தான். நான் விடவில்லை. மறுபடி கேட்டதும் சொன்னான்.

“போன எஃப்.சி.க்கு வந்தப்ப அண்ணன் போடச் சொன்னாருங்க. சீட்ட முன்னால தள்ளி, அடியில ஒரு கட்டை குடுத்தா உங்களுக்குக் கால் எட்டும். அளவுகூட அவருதான் சொன்னாரு. அப்பவே மாத்தித் தரட்டுமான்னு கேட்டனுங்க. ‘வேண்டாம்டா, துளைய மட்டும் போட்டு வெய்யி. லைசென்ஸு எடுத்திருக்கறா. அவளே வந்து ஓட்டறேன்னு கேக்கட்டும், அன்னைக்கு மாட்டிக்கலாம்’னாருங்க்கா.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். லைசென்ஸ் அட்டையை முதன்முதலாக உங்கள் கையில் கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தீர்கள். “போட்டோவுல நல்லா இருக்கற புள்ள” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள். அவ்வளவுதான். வண்டியைத் தொடுகிறாயா என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. சரி, இந்த மனுசனுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, அவராகச் சொல்லாமல் நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். நீங்கள் என்னடாவென்றால் தரையில் ஓட்டை போட்டு வைத்துவிட்டு, நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறீர்கள். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் ‘இது எதுக்கு’ என்று கேட்கிறவள், இதை மட்டும் கேட்காமல் போவாள் என்று உங்களுக்கும் தோன்றவில்லை போலும்.

பாஸ்கர் கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது வேறொன்றும் ஞாபகம் வந்தது. கொல்லிமலையிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு இறங்கும் நாட்களில், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி நேர் ரோட்டில் டீக்கு நிறுத்துவீர்கள். சாவியை எடுக்கவே மாட்டீர்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். “டீசல் என்ன தண்ணியா?” என்று நான் கத்துவேன். நீங்கள் டீ கிளாஸை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று வண்டியைப் பார்ப்பீர்கள். அது மறதியா, இல்லை நான் இந்தப் பக்கத்து சீட்டிலிருந்து அந்தப் பக்கம் நகர்வேனா என்று பார்த்தீர்களா? பாஸ்கருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பாஸ்கர் டீ வாங்க ஆள் அனுப்பினான்.

டீயைக் குடித்து முடித்ததும் சொன்னேன்: “சீட்ட முன்னால தள்ளிப் போடு.”

“ஏனுங்க்கா, ஊரே எஃப்.சி.க்குக் கழட்டும். நீங்க மாட்டச் சொல்றீங்க?”

“சொன்னதச் செய் சாமி.”

கட்டை கொடுத்து, போல்டு முறுக்கி, என்னை ஏறி உட்காரச் சொன்னான். கிளட்ச் முழுதாக அமுங்கியது. கண்ணாடி வழியாக ரோடு தெரிந்தது. ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கவில்லை. என் காலை நீங்கள் எப்போது அளந்தீர்கள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்று பாஸ்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வெயில் தாழும் வரை சுற்றினேன். வண்டி பத்துப் பதினைந்து தடவை அணைந்து நின்றது. பாஸ்கர் சாமி கும்பிட்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாள் எஃப்.சி. பார்க்கும் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, “டிரைவர் எங்கம்மா?” என்றார். “நான்தானுங்க” என்றேன். என்னையும் லைசென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “எடுத்துக் காட்டுங்க” என்றார். வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. பிரேக்கும் பார்த்துச் சரி என்று சொன்னார்.

அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். “ராசிபுரத்துக்காரர வர வேண்டாம்னு சொல்லிருங்கண்ணா. நான் ஓட்டிக்கறேன்.” “மலை ரோட்டுல பொம்பள லோடு வண்டி ஓட்டுவியா?” என்றார். மலைக்கு இப்போது போகவில்லை, அடிவாரத்தில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். “என்னமோ பண்ணு” என்று வைத்துவிட்டார். மறுநாள் அவரே வந்து டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சாக்கில் இருந்ததில் குஞ்சத்தையும் முருகன் பாட்டையும் மட்டும் திரும்ப மாட்டினேன். அந்த இரும்புப் பட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்னால் அடக்க முடிகிற லோடு எனக்குப் போதும்.

நேற்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போனது மிளகு இறக்கத்தான். இத்தனை வருடம் நீங்கள் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய அதே கடை. மூட்டைகள் இறங்கியதும் முதலாளியிடம், “காலியாத்தானுங்க திரும்பறேன். சேந்தமங்கலம் கடைகளுக்கு ஏதாச்சும் லோடு இருந்தாக் குடுங்களேன்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“உங்க ஊட்டுக்காரர் இத்தன வருசத்துல ஒரு வார்த்த கேக்கலீங்களேம்மா. அவருக்கு வேற எடத்துல லோடு இருக்குதாட்டம்னு நானும் சும்மா இருந்துட்டேன்” என்றவர், திரும்பி, “டேய், சேந்தமங்கலம் சர்க்கரைய இதுல ஏத்துங்கடா” என்றார்.

மூட்டை ஏறி முடிகிற வரை உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அங்கேயும் கேட்கவில்லையா நீங்கள்? எத்தனை ஊரிலிருந்து காலியாகத் திரும்பினீர்கள்? இப்போதெல்லாம் நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. லோடாக இருந்தாலும் சரி, உதவியாக இருந்தாலும் சரி, யார் முகத்தையும் பார்த்து ஊகித்துக்கொண்டிராமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் விட்டுப்போனதில் எனக்குத் தினமும் பயன்படுவது இதுதான்.

தார்ப்பாய் கட்டிவிட்டு அவர்கள் நகர்ந்ததும், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. உங்களிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை, அந்தச் சீட்டைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

“ஏனுங்க, நான் ஓட்டட்டுமா?”

கேட்டுவிட்டு, வண்டியை எடுத்தேன்.