அரியதரம் வைத்த தோணி

எசன், ஜேர்மனி
12.06.2006

அன்புத் தம்பி அன்ரனுக்கு,

சனிக்கிழமை என் மகள் கவிசாவின் கலியாணம் முடிந்தது. உன் மச்சான் ஹேமி செதுக்கி அனுப்பிய சின்ன மரத் தோணியில்தான் அரியதரமும் பயித்தம் பணியாரமும் வைத்து வந்தவர்களுக்குக் கொடுத்தோம். முன்னுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த முகம், சிப்பிக் கண்! மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிடத் தோணியைப் பார்த்தவர்கள் கூட. கணேசலிங்கம் அண்ணை, "உந்த நாக்குக்காரனை எங்கை பிடிச்சனீர்? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாரும்" என்று கையோடு முற்பணம் தந்தார்.

நத்தார்ச் சந்தையில் என் கடைக்கு நாற்பது தோணி வேண்டும். நீ அந்த வீட்டு மாப்பிள்ளை, விலையை நீயே பேசு. பலகாரத்தோடு தோணியை எடுத்த கலியாணப் படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
அலோசியஸ்

ரொட்டருவா, நியூசிலாந்து
28.06.2006

அண்ணை,

படத்தைப் பெருமையில் ஹேமியிடம் காட்டிவிட்டேன். பார்த்தார், உளியை வைத்தார், வெளியே போனார். மூன்று நாளாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்த முகத்தை அவர் தன் பூட்டனை நினைத்துச் செதுக்கினவர். இந்த நாட்டுப் பூர்வீகச் சனமான அவருடைய மாவோரிச் சனம் அப்படியான முகத்துக்குக் கிட்டச் சாப்பாடு கொண்டுபோகாது. அது செத்தவரின் தலையை அவமதிப்பது. நீங்கள் பலகாரத்தைக் குவித்து, கையை விட்டு அள்ளித் தின்றிருக்கிறீர்கள். "உன் அண்ணனுக்கு எங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா?" என்று என் மனுசி மேரே கேட்டா. நான் சொல்லவில்லை. அது என் பிழை.

அன்ரன்

எசன், 10.07.2006

தம்பி,

உன் கடிதம் வந்ததிலிருந்து கடையில் ஓரிடத்தில் இருக்க ஏலாமல் நடந்து திரிகிறேன். நான்கு தரம் ரெலிபோன் எடுத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. தோணியை வெந்நீரில் கழுவினேன். சுவாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். உன் அண்ணி சொல்கிறா, "எண்ணெய் மணமும் போகேல்லை, உங்கடை புத்தியும் போகேல்லை."

தோணிக்கு ஐம்பது யூரோ கூட்டித் தருகிறேன் என்று ஹேமியிடம் சொல். காணாது என்றால் அவரே ஒரு தொகை சொல்லட்டும். பேசித் தீர்க்காத பிணக்கு என் வியாபாரத்தில் இதுவரை இல்லை.

அலோசியஸ்

ரொட்டருவா, 25.07.2006

அண்ணை,

ஐம்பது யூரோக் கதையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் கதிரையும் போயிருக்கும். பதினொரு வருடம் இவர்களோடு இருந்து சம்பாதித்த கதிரை. அத்தனை வருடத்தில் நீங்கள் ஒருதரம் இங்கே வரவில்லை. பார்சல்தான் வந்து போகிறது.

இனி எழுத வேண்டாம். தோணியை உங்கள் கையாலே கொண்டுவரும் எண்ணம் இருந்தால் மட்டும் ரெலிபோன் எடுங்கள். பேசுவேன்.

அன்ரன்

எசன், 06.08.2006

அன்புத் தம்பிக்கு,

நேற்று உன் குரலைக் கேட்ட பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பேசியதை எழுதி வைக்கிறேன். எழுதாத பேச்சை நான் நம்புவதில்லை, என்னுடையதையும்.

நாற்பது தோணிக் கதை முடிந்தது. கணேசலிங்கம் அண்ணைக்கு முற்பணத்தைத் திருப்பிவிட்டேன். "நாக்குக்காரன் உம்மை வெருட்டிப்போட்டானோ?" என்றார். "ஓம் அண்ணை" என்றேன்.

செப்டெம்பர் பதினாறாம் திகதி வருகிறேன், தோணியைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு. ஹேமியின் சனம் கூடும் மண்டபத்தில் நடந்ததை எல்லோருக்கும் முன் தமிழில் சொல்வேன். நீ பக்கத்தில் நின்று ஒன்றையும் குறைக்காமல் அவர்களுக்குச் சொல்வாய். தோணி அங்கேயே நிற்கும். அதற்கு நான் விலை கேட்கமாட்டேன். மன்னிப்பேன் என்று ஹேமி முன்கூட்டியே வாக்குத் தரமாட்டார்.

உன் அண்ணன்
அலோசியஸ்